சங்கிலி வாள் தேர்வுமுறை: தம்மம்பட்டி வட்டார மரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் அமைந்த ஊர் தம்மம்பட்டி. சுவேத நதியை ஒட்டிய இந்த ஊர், புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்தால் அறியப்படுவது. ஆயினும் இங்கு மரத்துக்கு வேலை சிற்பப் பட்டறையில் மட்டும் இல்லை. தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த தென்னை சாய்க்கப்படுகிறது. வேலியோரச் சீமைக்கருவேலம் விறகாகிறது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் செங்கல் சூளையும் கட்டை கேட்கின்றன. ஒரே சுற்றுவட்டாரத்தில் வீழ்த்தலும் விறகறுப்பும் சிற்பக்கட்டை எடுப்பும் நடப்பதால், சங்கிலி வாளைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய இவ்வூர் தக்க களமாகிறது.

சங்கிலி வாள் என நாம் இங்கே குறிப்பது, தட்டையான தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பல் கோத்த சங்கிலியை இடைவிடாது ஓட்டி மரத்தை அறுப்பதும், ஒருவர் கையில் ஏந்தத்தக்கதுமான விசைக்கருவியை. பேச்சுவழக்கில் இது 'மரம் அறுக்கிற மிஷின்'. 'இடைவிடாது' என்றதனால் முன்னும் பின்னும் இழுபடும் கைவாள் நீங்குகிறது. 'கையில் ஏந்தத்தக்கது' என்றதனால் மர அறுவை மில்லின் பட்டைவாள் நீங்குகிறது.

இக்கருவி விற்பனையாகும் முறையில் முதலில் இயந்திரத்தின் சிசி சொல்லப்படுகிறது. அடுத்து தகட்டின் நீளம், அதன்பின் விலை. சங்கிலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அறுக்கப்படும் மரம் உரையாடலுக்குள் வருவதே இல்லை. இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரம் சங்கிலியைத் தீர்மானிக்கிறது. மரத்தின் பருமன் தகட்டைத் தீர்மானிக்கிறது. சங்கிலியும் தகடும் சேர்ந்து இயந்திரத்தைத் தீர்மானிக்கின்றன.

2. மரம்

அறுப்போர் நோக்கில் மரத்தின் இயல்புகள் நான்கு: வன்மை, நாரமைப்பு, அயற்பொருள், பருமன்.

2.1 வன்மை. தம்மம்பட்டிச் சிற்பிகள் பெரிதும் கையாளும் வாகை நடுத்தர வன்மையுடையது. உளிக்கு இணங்கும், வாளுக்கும் இணங்கும். அதன் தூள் மூக்கில் ஏறித் தும்மலை வரவழைப்பது ஒன்றே தொல்லை. தூங்குமூஞ்சி அதனினும் சற்று மென்மை. வேம்பு இவற்றுக்கு மேல். புளி எல்லாவற்றுக்கும் மேல். முதிர்ந்த புளியின் வைரம் கருஞ்சிவப்பாகக் கல்போல் இறுகியிருக்கும். இறைச்சிக் கடைக்காரர் அதைக் கொத்துக்கட்டையாக வைத்திருப்பது காரணமின்றி அன்று. சீமைக்கருவேலமும் வன்மரமே. ஆனால் அதன் தண்டு சிறுத்திருப்பதால் வன்மை பெரிதாக உறைப்பதில்லை.

வன்மை ஈரத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. பச்சைக்கட்டையின் நீர் அறுப்புக்கு உதவுகிறது. ஆறு மாதம் கிடந்து காய்ந்த புளியங்கட்டை அதே மரத்தின் பச்சைக்கட்டையைக் காட்டிலும் பல்லை விரைவில் மழுக்கும். ஆகவே விறகுக்கான மரத்தைப் பச்சையிலேயே துண்டித்து, பிளந்து, பிறகு காயவைப்பதே முறை. விறகாகக் கிடந்து காயட்டும், அப்புறம் அறுத்துக்கொள்ளலாம் என்று விடுவோர் சங்கிலியை இருமடங்கு தேய்க்கிறார்கள்.

2.2 நாரமைப்பு. மேற்சொன்னவை யாவும் ஆண்டுதோறும் பருப்பன. அவற்றில் வைரம் நடுவிலும் வெள்ளைக்கட்டை புறத்திலும் இருக்கும். தென்னையும் பனையும் இதற்கு நேர்மாறு. அவற்றில் வன்மை புறத்தே இருக்க, நடுப்பகுதி சோறுபோல் மென்மையாக இருக்கும். தென்னந்தண்டின் புறப்பகுதி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி கொண்டது. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழ். சங்கிலி வன்புறத்தைக் கடந்து மென்மையில் விழும்போது வாள் திடீரென உள்ளே இழுபடும். இதை அறியாதவர் பிடியைத் தளர்த்தியிருக்கும் கணம் அதுதான். தென்னையின் நார்க்கற்றைகள் பல்லையும் சீக்கிரம் மழுக்குகின்றன.

2.3 அயற்பொருள். சாலையோரப் புளியில் விளம்பரத் தட்டி அறைந்த ஆணி இருக்கும். வேலிமரத்தில் முள்கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும். அடிமரத்தில் மழை தெறித்த மண் ஒட்டியிருக்கும். ஆணி ஒரே நொடியில் பல்லைக் கெடுக்கிறது. மண்ணோ யாரும் அறியாமல் கெடுக்கிறது. பின்னதே பெருந்தீங்கு என்று நாம் கருதுகிறோம். ஆணிபட்டவர் வேலையை நிறுத்திப் பார்ப்பார். மண்பட்டவர் மழுங்கிய சங்கிலியை அழுத்தி அழுத்தி மாலைவரை ஓட்டுவார்.

2.4 பருமன். நம்மூரில் மரத்தைக் கயிறு போட்டுச் சுற்றளவில் பேசுவர். தகட்டின் நீளமோ குறுக்களவோடு தொடர்புடையது. சுற்றளவை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் குறுக்களவு வரும். 140 செ.மீ. சுற்றுள்ள வேம்பு ஏறத்தாழ 44.5 செ.மீ., அதாவது பதினேழரை அங்குலம் குறுக்களவுடையது. வாங்கப்போகிறவர் தம் தோட்டத்து மரங்களில் பெரியதை அன்று, அடிக்கடி அறுக்க நேர்வதை அளக்க வேண்டும். பெரியது பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. அதற்கு ஆளும் மிஷினும் கூலிக்குக் கிடைக்கும்.

3. அறுப்பின் வகை

அறுப்பு இருவகை. மரத்தின் நார் ஓட்டத்தைக் குறுக்காக வெட்டுவது குறுக்கறுப்பு. நார் ஓட்டத்தை ஒட்டி நீளவாக்கில் வெட்டுவது நெடுக்கறுப்பு. வீழ்த்தல், கிளை கழித்தல், துண்டித்தல் ஆகிய மூன்றும் முதல்வகை. கட்டையைப் பலகையாகவோ சிற்பத்துக்குரிய சதுரமாகவோ எடுப்பது இரண்டாம்வகை.

சிற்பக்கட்டை எடுப்போர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சங்கிலி செல்லும் பாதையில் தூளாகிப்போகும் அகலத்தை அறுவழி என்போம். பட்டைவாளின் அறுவழி இரண்டு மூன்று மில்லிமீட்டர். சங்கிலி வாளின் அறுவழி அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நல்ல வாகைக்கட்டையிலிருந்து ஆறு பலகை எடுத்தால் ஒரு பலகை தூளாய்ப்போகும் கணக்கு இது. ஆதலால் காட்டில் அளவாகத் துண்டிப்பதற்கு மட்டுமே சங்கிலி வாளைக் கொள்க, சதுரமெடுப்பை மில்லுக்கு விடுக என்பது நம் துணிபு. துண்டிக்கும்போது இருபுறமும் சில அங்குலம் கூடவிட வேண்டும். அறுத்த முகங்கள் காய்கையில் வெடிக்கும். வெடித்த பகுதியைக் கழித்தபின் எஞ்சுவதே சிற்பியின் அளவு.

மில்லுக்குக் கொண்டுபோக முடியாத பெருங்கட்டைக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போது நெடுக்கறுப்புக்கென்றே, மேற்கோணம் ஏறத்தாழ 10 பாகையாகத் தீட்டிய சங்கிலி வேண்டும். குறுக்கறுப்புச் சங்கிலியில் அக்கோணம் 25 முதல் 35 பாகை வரை.

4. சங்கிலி

இது கட்டுரையின் நடுப்பொருள் ஆதலால் சற்று விரிப்போம்.

4.1 உறுப்புகள். சங்கிலியில் மூவகைக் கண்ணிகள் உண்டு. தகட்டின் பள்ளத்தில் இறங்கி ஓடி, இயந்திரத்தின் பற்சக்கரத்தால் இழுபடுவது இயக்குகால். அறுப்பது வெட்டுபல். இவ்விரண்டையும் பிணைப்பது இணைகண்ணி. வெட்டுபல்லின் முன்னே ஒரு சிறு திமில் இருக்கும். பல் ஒரு சுற்றில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது வரையறுப்பதால் ஆழமட்டம் எனப் பெயரிடுகிறோம். பல்லின் பக்கச்சுவர் நாரை அறுக்கிறது. மேற்கூரை அறுந்த நாரைச் செதிலாகத் தூக்குகிறது. உளி பிடித்த கைக்கு இது புதிதன்று. சங்கிலியின் ஒவ்வொரு வெட்டுபல்லும் ஒரு சிற்றுளி. உளியின் வாய்க்கோணமும் அது இறங்கும் ஆழமும் எப்படி வேலையின் தன்மையைத் தீர்மானிக்கின்றனவோ, இங்கும் அப்படியே.

இப்பல் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1940-களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், கட்டையைத் துளைக்கும் வண்டின் புழு தன் வளைந்த இருதாடைகளால் இடமும் வலமும் கடித்து முன்னேறுவதைக் கண்டு, அவ்வாறே இடமும் வலமும் மாறிமாறி அமைந்த பல்லை உருவாக்கினார். அதற்குமுன் சங்கிலிகள் கைவாளின் முக்கோணப் பல்லையே சுமந்தன. வாகையின் வெள்ளைக்கட்டையைத் தூளாக்கும் துளைவண்டைச் சிற்பிகள் வெறுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அவ்வினத்துக்கு மரவெட்டிகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

4.2 மூன்று அளவுகள். சங்கிலியை அடையாளம் காட்டுவன கண்ணிடை, கால்தடிப்பு, கால்எண் ஆகிய மூன்று.

கண்ணிடை என்பது அடுத்தடுத்த மூன்று தறையாணிகளுக்கிடையிலுள்ள தொலைவில் பாதி. இதைக் கடைக்காரர் 'பிட்ச்' என்பர். வழக்கில் உள்ளவை நான்கு: தாழ்பல் உடைய 3/8 அங்குலம், 0.325 அங்குலம், முழுப்பல் உடைய 3/8 அங்குலம், 0.404 அங்குலம். கால்தடிப்பு என்பது இயக்குகாலின் கனம். அது தகட்டுப் பள்ளத்தின் அகலத்தோடு ஒத்திருக்க வேண்டும். வழக்கில் 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் உண்டு. கால்எண் என்பது இயக்குகால்களின் மொத்த எண்ணிக்கை. 0.325 அளவில் 18 அங்குலத் தகட்டுக்குப் பொதுவாக 72.

தகட்டின் நீளம் ஒன்றை மட்டும் சொல்லிச் சங்கிலி வாங்குவது நம் பக்கத்துப் பழக்கம். பதினெட்டு அங்குலச் சங்கிலி என்று ஒன்று உலகில் இல்லை. ஒரே நீளத் தகட்டுக்கு மூன்று நான்கு வகைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் பொருந்தும். கால்தடிப்பு குறைந்ததைப் பூட்டினால் சங்கிலி பள்ளத்தில் ஆடும், அறுப்பு கோணும், தகடு ஒருபுறம் தேயும்.

4.3 பல்லின் வாய். மேற்கூரையும் பக்கச்சுவரும் கூர்முனையாகச் சந்திப்பது கூர்மூலைப் பல். வளைந்து சந்திப்பது உருள்மூலைப் பல். கூர்மூலை விரைவாக அறுக்கும். ஆனால் அந்த முனை மழுங்கியதும் விரைவு போய்விடும். மண், மணல், காய்ந்த வன்மரம் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. உருள்மூலை சற்று மெதுவானாலும் கூர்மையை நெடுநேரம் காக்கும். மேலைநாட்டு ஊசியிலைக் காடுகளில் தூய மென்மரத்தை அறுப்போர் கூர்மூலையைப் போற்றுவது இயல்பு. புளியும் வேம்பும் தென்னையும் மண்படிந்த சீமைக்கருவேலமும் அறுக்கும் நம் வட்டாரத்துக்கு உருள்மூலையே தகும். இதில் ஐயமில்லை.

4.4 அரம். எவ்வகைச் சங்கிலியானாலும் தீட்டாத சங்கிலி பயனற்றது. தாழ்பல் 3/8-க்கு 4.0 மி.மீ. உருண்டை அரம். 0.325-க்கு 4.8 மி.மீ. முழுப்பல் 3/8-க்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. ஆழமட்டத்தைத் தட்டையரத்தால், பல்முனையினும் ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்குமாறு ராவ வேண்டும். பல்லை மட்டும் தீட்டி ஆழமட்டத்தை விட்டுவிடுவோர், கூரான சங்கிலி ஏன் கடிக்கவில்லை என்று வியப்பர். அளவுமீறி ராவியவருக்கு வாள் துள்ளும். தீட்டும் நேரத்தை எப்படி அறிவது என்றால், வெளிவருவதைப் பார்த்தே அறியலாம். குறுக்கறுப்பில் செதில் வந்தால் பல் நலம். மாவு வந்தால் அரம் எடுக்க வேண்டும்.

5. ஓடுதகடு

சங்கிலி ஓடும் தகட்டை ஓடுதகடு என்கிறோம். கடைவழக்கில் 'பார்'. அதன் நீளம் அடிக்கடி அறுக்கும் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பது போதும். இருபுறமிருந்தும் அறுக்கத் தெரிந்தவர் தகட்டைப்போல் இருமடங்கு பருமனுள்ள கட்டையையும் முடிப்பார். நீளத்தில் பெருமை கொள்வோர் மறப்பது இது: தகடு நீளும்போது மரத்துக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் பற்கள் பெருகுகின்றன, ஒவ்வொன்றும் இயந்திரத்தின் விசையில் பங்கு கேட்கிறது, எண்ணெய்க்குழாய் நுனிவரை நனைக்கத் திணறுகிறது, தகட்டின் மூக்கு முன்கனத்துக் கைவலியாகிறது.

தகட்டு மூக்கின் மேற்கால்வட்டம் மரத்தில் இடித்தால் வாள் அறுப்போர் முகத்தை நோக்கி மேலெழும். இதற்கு எதிர்வீச்சு எனப் பெயர். நீண்ட தகட்டின் மூக்கு அறுப்போர் கண்ணுக்கு எட்டாத மறுபுறத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால், விறகுக்குவியலில் அடுத்த கட்டையை இடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. விறகறுப்போருக்குச் சிறுதகடே பாதுகாப்பு.

சீமைக்கருவேலத்தில் மட்டும் ஒரு முரண் எழுகிறது. தண்டோ ஒருசாண் பருமன்கூட இல்லாதது. 12 அங்குலமே மிகுதி. ஆனால் தூறாய்க் கிளைத்து முள் நீட்டி நிற்கும் மரத்தை அணுகக் கைநீளம் வேண்டும். குட்டைத்தகட்டுக்காரர் முள்ளுக்குள் குனிந்து நுழைய வேண்டியிருக்கும். எனவே இவ்வொரு மரத்துக்கு 16 அங்குலம் வரை போகலாம். முதலில் அரிவாளால் முள்ளைக் கழித்து வழிசெய்வது அதனினும் நன்று.

வீழ்த்துவோருக்குத் தகட்டின் நீளத்தோடு வெட்டின் ஒழுங்கும் தொடர்புடையது. சாயும் பக்கத்தில் இடும் வாய்வெட்டு குறுக்களவில் நாலிலொரு பங்குக்கு மிகாது. எதிர்ப்புறத்தில் சற்று மேலே இடுவது பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே அறுபடாமல் விடும் கீல்கட்டை பத்திலொரு பங்கு. 60 செ.மீ. மரத்தில் அது 6 செ.மீ. இக்கீல்கட்டைதான் மரம் விழும் திசையை ஆள்வது. பின்வெட்டில் அடிக்கும் ஆப்பு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கட்டும். இரும்பு ஆப்பைச் சங்கிலி தொட்டால் இரண்டில் ஒன்று போகும்.

6. இயந்திரம்

பெட்ரோல் சங்கிலி வாள்களில் இருப்பது இருவீச்சு இயந்திரம். அதன் உருளைக் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில், அதாவது சிசியில் சொல்வர். 30 முதல் 40 வரை சிறியவை, 12 முதல் 16 அங்குலத் தகட்டுக்கு. 45 முதல் 55 வரை நடுத்தரம், 16 முதல் 20 அங்குலத்துக்கு. 60-க்கு மேல் பெரியவை. ஸ்டில் நிறுவனத்து வாள்களுள் எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, எம்எஸ் 250 என்பது 45.4, எம்எஸ் 382 என்பது 72.2. மூன்று வகுப்புக்கும் இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்நிறுவனத்தை நிறுவிய ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் செய்த முதல் மின்வாள் 64 கிலோ எடையுடன் இருவர் தூக்கத்தக்கதாக இருந்தது. இன்று அதன் பதினான்கிலொரு பங்கு எடையில் அதற்குமேல் வேலை நடக்கிறது.

சந்தையில் '58 சிசி, 22 இன்ச்' என்ற முத்திரையோடு மலிவான வாள்கள் பெருகியுள்ளன. முத்திரையை நம்பாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். உருளையின் உள்விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆலும் உந்துதண்டின் வீச்சளவாலும் பெருக்கினால் கொள்ளளவு வரும். 44 மி.மீ. விட்டமும் 32 மி.மீ. வீச்சும் உடையது 48.7 சிசிதான், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும். அவ்வளவு விசைக்கு 22 அங்குலத் தகட்டைப் பூட்டிப் புளியில் இறக்கினால் மையவிலக்கு இணைப்பி வழுக்கும், சூடேறும், சங்கிலி நின்றுநின்று ஓடும். அதே இயந்திரத்தில் 18 அங்குலத் தகடு பூட்டினால் வாளின் குணமே மாறும். மலிவுவாள் வாங்கியவர் அதை எறிய வேண்டியதில்லை, தகட்டைக் குறைத்தாலே போதும்.

சங்கிலி விரைவையும் கணக்கிட முடியும். பற்சக்கரம் ஒருமுறை சுழல, பல் எண்ணிக்கையைக் கண்ணிடையின் இருமடங்கால் பெருக்கிய தொலைவு சங்கிலி நகர்கிறது. ஏழுபல் சக்கரம், நிமிடத்துக்கு 9000 சுற்று என்று கொண்டால், 0.325 சங்கிலி நொடிக்கு 17.3 மீட்டரும் 3/8 சங்கிலி 20 மீட்டரும் ஓடும். விரைவில் பின்னது மேல். ஆனால் அவ்விரைவை வன்மரத்துக்குள் நிலைநிறுத்த 60 சிசியை ஒட்டிய விசை வேண்டும். நடுத்தர இயந்திரத்துக்கு 0.325-ஐ நாம் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே.

எரிபொருளில் தயாரிப்பாளர் சொல்லும் விகிதமே விதி. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய், 25:1 என்றால் 40. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கலந்துவைத்த எரிபொருளை மாதக்கணக்கில் கலத்தில் விட்டால் கார்புரேட்டர் சவ்வு கெடும். சங்கிலிக்குக் கழிவு ஆயில் ஊற்றும் வழக்கத்தையும் விடவேண்டும். அதிலுள்ள உலோகத்துகள் குழாயையும் தகட்டையும் தேய்க்கிறது, கையில் படுவதும் நல்லதன்று.

மின்சாரம் எட்டும் விறகுக்கடைக்கு 2000 வாட் மின்வாள் ஏற்றது. புகையில்லை, கலவையில்லை, சத்தம் குறைவு. தோட்டத்துக்கு அது ஆகாது.

7. காப்பு

வாங்குமுன் ஐந்தைச் சோதிக்க வேண்டும்: முன்பிடியின் சங்கிலித்தடை, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, விசைவில்லைத் தவறியழுத்தாமல் காக்கும் பூட்டு, பின்பிடியின் கைக்காப்பு, அதிர்வுதாங்கிகள். சங்கிலித்தடை கைபட்டு மட்டுமன்றி, எதிர்வீச்சின் உலுக்கலாலும் தானே விழுவதாக இருக்க வேண்டும்.

ஆனால் கருவியின் காப்பு பாதிதான். கைலியை மடித்துக்கட்டி, தோளில் துண்டோடு, வெறுங்காலில் நின்று அறுப்பதை நாம் எல்லா ஊரிலும் காண்கிறோம். தொங்கும் துணியைச் சங்கிலி இழுத்தால் கையும் உடன்போகும். முழுக்கால்சட்டை, கால்மூடிய பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு ஆகியவற்றின் விலையை வாளின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். அதற்குப் பணம் போதாதென்றால் ஒரு வகுப்பு சிறிய வாளை வாங்குக.

8. அனுமதி

சொந்த நிலத்து மரமெல்லாம் விருப்பம்போல் வெட்டத்தக்கது அன்று. மலைப்பகுதியென அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955-ஆம் ஆண்டின் மரப்பாதுகாப்புச் சட்டம் செல்லும். ஈட்டிக்கென 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்தார் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே வாளை எடுக்க வேண்டும்.

9. தேர்வு

விறகுக்கடைக்குச் சிறுவகுப்பு அல்லது மின்வாள், 14 அங்குலத் தகடு, தாழ்பல் 3/8 சங்கிலி. கூலிக்குப் புளியும் தூங்குமூஞ்சியும் வீழ்த்துவோருக்கு 70 சிசியை ஒட்டியது, 20 முதல் 24 அங்குலம், முழுப்பல் 3/8. சிற்பக்கட்டை தேடிப்போவோருக்கும் தோட்டக்காரருக்கும் 45 முதல் 50 சிசி, 16 அல்லது 18 அங்குலம், 0.325 சங்கிலி. மூன்றிலும் பல் உருள்மூலை. ஆண்டில் இரண்டொரு மரம் மட்டும் அறுப்பவர் எதையும் வாங்க வேண்டாம், மிஷின்காரரை அழைப்பது இலாபம்.

வாங்குவோர் ரசீதில் கண்ணிடை, கால்தடிப்பு, கால்எண் மூன்றையும் கடைக்காரர் கையால் எழுதி வாங்குக. அன்றே இரண்டு மாற்றுச் சங்கிலியும் அவற்றுக்குரிய அளவில் உருண்டை அரமும் கேட்டுப் பெறுக. அவற்றைத் தர இயலாத கடையில் வாளையும் வாங்க வேண்டாம்.